பத்தொன்பதாவது அத்தியாயம்

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள்கள் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இனி இதைத் திருத்த யாரும் வரப்போவதில்லை என்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

சொர்ணம் மைனி வீட்டு முன்னறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். மைனி, வேலம்மா சித்தி, ஆவுடை அக்கா, மைனியின் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மூன்று மாதத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்த பொன்மாரி அக்கா, நான். டிவி போட்டால் கண் அங்கே போய்விடும், இலை கோணலாகிவிடும். அதனால் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துக்கொண்டு நிற்பேன். அச்சில் இருப்பதைப் படிக்கும்போது மட்டும் குரல் வந்துவிடுகிறது. அது என் பேச்சு இல்லையே.

ஏற்பாடு இதுதான். நான் படிக்கும் நேரத்துக்கு என் பங்கு பீடியை அவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் மற்றவர்கள் கட்டுகளோடு என் கட்டுகளையும் பொன்மாரி அக்கா பீடிக் கம்பெனிக் கடையில் போட்டுவிட்டு எனக்கும் சேர்த்து இலை வாங்கி வருவாள். முதல் பாதி மைனி சொன்னது. இரண்டாவது பாதி நானாகக் கேட்டுக்கொண்டது. எனக்குக் கடைக்குப் போகப் பிடிக்காது. படிப்பு நின்றால் நான்தான் போக வேண்டும்.

இதுவரை வாரப் பத்திரிகைகளைப் படித்தேன். நேற்று மைனியின் வீட்டுக்காரர் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடித்த நாவலை வாங்கி வந்தார். தொடராக வந்தபோதே ஊர் முழுக்கப் பேசினார்களாம். பஸ்ஸில் நாலு பேர் கையில் அதையே பார்த்ததாகச் சொன்னார். அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அட்டையில் ஒரு பெண்ணின் கழுத்தும் அதற்குக் கீழே உள்ளதும் இருக்கிறது. முகத்துக்கு அட்டையில் இடம் கிடைக்கவில்லை போலும்.

முதல் அத்தியாயத்திலேயே வினோதா என்ற டைப்பிஸ்ட் செத்துக் கிடக்கிறாள். ஆசிரியர் அவளைக் கால் விரலில் தொடங்கி மேலே வர்ணித்துக்கொண்டே வருகிறார். இரண்டு பக்கம். அவள் செத்தவள் என்பதே நடுவில் அவருக்கு மறந்துவிட்டது. அவளுடைய அம்மா ஒரே வரியில் அழுதுவிட்டுப் போய்விடுகிறாள்.

வேலம்மா சித்தி, "எப்படி எழுதிருக்கான் பாத்தியா. மேல படிட்டி" என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் தலைக்குக் குளித்தேன். இலையைத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றி வைத்தேன். அம்மாவின் விரல்களில் தோல் உரிந்து கிடக்கிறது, நூல் பட்டால் எரிகிறது. அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பீடி குறைந்தால் அம்மா பெயரில் இருக்கும் வேலைக் கார்டைக் கம்பெனி பறித்துவிடும்.

பொன்மாரி அக்கா என் கட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்கள் படித்தேன். இன்னும் ஒருத்தி செத்துவிட்டாள். இவளுக்கு ஒன்றரைப் பக்கம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

உண்மையைச் சொல்ல வேண்டும். புத்தகம் பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கதவு திறக்கிறது, அல்லது ஒரு டெலிபோன் அடிக்கிறது. அங்கே நிறுத்தினால் நால்வரும் என்னை வைகிறார்கள். எனக்கும் நிறுத்த மனம் இல்லை. கொலைகாரனுக்குப் பெயர் இல்லை. கறுப்புக் கையுறை மட்டும் உண்டு. அவன் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருக்கும் ஆசை எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சாக்கடையில் விழுந்த காசை எடுக்கக் கை விடுவதுபோல.

யார் என்பதில் இங்கே சண்டை. பாங்க் மேனேஜர்தான் என்கிறாள் ஆவுடை அக்கா. பூசி மெழுகிப் பேசுகிறானாம். துப்பறியும் அதிகாரியே ஏன் செய்திருக்கக் கூடாது என்று மைனி கேட்டாள். வேலம்மா சித்திக்கு யாராக இருந்தாலும் சரி, நிறையப் பேர் சாக வேண்டும்.

"எங்க வீட்டுக்காரரா இருக்கும்" என்றாள் மைனி. "நேத்து சாயந்திரம் எங்க போனாருன்னு இன்னும் சொல்லல."

பொன்மாரி அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடைக்குப் புறப்படும்போது பொன்மாரி அக்கா என்னிடம் ஊக்கு கேட்டாள். இரண்டு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று படிப்பு கிடையாது. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சோறு வேகும்போது அடுப்படியில் உட்கார்ந்து முன்னால் உள்ளதைப் புரட்டினேன். நாளைக்குத் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்தொன்பதாவது அத்தியாயம் இருப்பதிலேயே மோசம். கையுறைக்காரன் பாங்கில் வேலை பார்க்கும் மாலதியைப் பழைய கோப்புகள் அடுக்கி வைத்த கீழ்த்தள அறைக்குள் கூப்பிடுகிறான். ஆசிரியர் அவனோடு கூடவே உள்ளே போகிறார். வெளியே வர அவருக்கு மனமில்லை. ஆறு பக்கம்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். இந்த ஆசிரியருக்குப் பெண் பயப்படுவது எப்படி என்று தெரியவில்லை. மாலதியின் கண்கள் அகல விரிகின்றனவாம், உதடுகள் துடிக்கின்றனவாம், மார்பு ஏறி இறங்குகிறதாம். கிடையாது. கண் தரையைப் பார்க்கும். தரையில் எத்தனை இலைத் துண்டு கிடக்கிறது என்று எண்ணும். உடம்பு மரம்போல நின்றுவிடும். முடிந்த பிறகு, வெளியே நிற்பவர்கள் கேட்டால் சொல்ல ஒரு காரணம் தேடும். உதடு துடிக்கவெல்லாம் நேரம் இருக்காது.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அம்மா வைதாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பொன்மாரி அக்கா கடையிலிருந்து வந்ததும் அடிபம்பில் நெடுநேரம் நின்றாள். நான் சாக்கு நனைக்கப் போனேன். அவள் முந்தியின் ஓரத்தை நனைத்து நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் கறை ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் தண்ணீர் நல்லாச் சில்லென்று இருக்கு என்றாள். பம்பில் வெயில் நேரத்தில் வரும் தண்ணீர் சுடும்.

நான் சாக்கை நனைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

பதினாறாவது அத்தியாயத்தில் வரும் குளியலறைக் காட்சியை விட்டுவிட்டுப் படித்தேன். வேலம்மா சித்திக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தாள் புரளும் சத்தம் தெரியும்.

"ரெண்டு தாள சேத்துப் பெரட்டிட்டா. திருப்பிப் படிட்டி."

"ஒட்டியிருந்துச்சு சித்தி."

"என்னத்த ஒட்டியிருந்துச்சு. கதைல நல்ல எடம் வந்தா இவளுக்கு ஒட்டிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய் அதைப் படித்தேன். எழுத்துகளை மட்டும் பார்த்தேன். பொன்மாரி அக்கா தலையைக் குனிந்து நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மத்தியானத்திலிருந்து யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

கடைக்குக் கிளம்பும் நேரத்தில் பொன்மாரி அக்கா தலை வலிக்கிறது, இன்று போகவில்லை என்றாள். மைனிக்குக் கோபம். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் இத்தனை ஒய்யாரமா என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, அப்படியானால் இன்றைக்குக் கோமு எல்லாருடையதையும் கொண்டுபோகட்டும், ஒருநாள் நடந்தால் கால் தேயாது என்றாள்.

நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பொன்மாரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னேன்:

"இன்னும் ரெண்டு அத்தியாயம்தான் மைனி. இன்னைக்குப் படிச்சா கையுறைக்காரன் மாட்டுற எடம் வந்துரும்."

அது பொய். புத்தகத்தில் இன்னும் எழுபது பக்கம் இருக்கிறது. வேலம்மா சித்தி உடனே, படிக்கிறவ இருக்கட்டும், பொன்மாரி போகட்டும் என்றாள். பொன்மாரி அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருடைய கட்டுகளையும் துண்டில் அடுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் பதினேழாவது அத்தியாயத்தைப் படித்தேன். குரல் நடுங்கவே இல்லை. நல்லாப் படிக்கே என்று ஆவுடை அக்கா சொன்னாள்.

ஆகஸ்ட் 17, சனி

அந்த ஆசிரியர் மேல் பத்து நாளாகக் காறித் துப்பிக்கொண்டிருக்கிறேன். அவராவது கதையில் மட்டும் இருக்கிற பெண்களைத்தான் அந்த அறைக்குள் அனுப்பினார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று பத்தொன்பதாவது அத்தியாயம். நாளை செவ்வாய், கடை நாள்.

படிக்கத் தொடங்கும்போது ஒன்றும் திட்டமிடவில்லை. இரண்டு பக்கம் உள்ளபடியே படித்தேன். கையுறைக்காரன் மாலதியைக் கீழ்த்தளத்துக்குக் கூப்பிடுகிறான். அவள் படி இறங்குகிறாள். அடுத்து அவளுடைய கண்கள் அகல விரிய வேண்டும். அந்த வரியை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் நிறுத்தினால் சித்தி கேட்பாள். அதனால் கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, படிக்கிற அதே குரலில், வேறு சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்தாள் என்றேன். அவன் அவளை எல்லோருக்கும் கடைசியாகக் கூப்பிட்டான் என்றேன். மற்றவர்கள் வெளியே வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். 'பை வேண்டாம். பையோட எடையும் சேர்ந்துவிடும். முந்தியை விரி' என்று அவன் சொன்னான். அவள் விரித்தாள். அவன் இலையை அள்ளி அதில் போட்டுக் கையால் அமுக்கினான். இலை அமுங்க அவ்வளவு நேரம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை.

மைனிதான் கேட்டாள். கேலியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

"மெட்ராஸ்ல பாங்க்குக்குள்ள எதுக்குட்டி இலை?"

கோப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். பீடி சுற்றுகிறவளுக்குக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இலையைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் எல்லாம் ஈரமாகித் தெரிந்தன.

அப்போது பொன்மாரி அக்கா பேசினாள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, மெதுவாக.

"கிராம்பு வாடையும் போட்டிருக்கா?"

நான் கிராம்பைச் சொல்லவே இல்லை. கடையில் பீடியைத் தட்டிப் பார்த்துக் கழிக்கிறவர் சிதம்பரவேல் அண்ணாச்சி. செக்கர் என்று சொல்வோம். எந்நேரமும் கிராம்பு மெல்லுவார்.

ஆவுடை அக்கா அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கையைத் துடைத்துவிட்டு என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிக் கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அந்தப் பக்கத்தில் இலையும் இல்லை, பையும் இல்லை, கிராம்பும் இல்லை.

"போட்டிருக்கு" என்றாள். "எல்லாம் போட்டிருக்கு."

புத்தகத்தை மூடித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பிறகு வேலம்மா சித்தி, இந்தச் செக்கருக்கு முன்னால் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தவனும் பையில் இலை போட மாட்டான் என்றாள். தனக்கு அப்போது பதினெட்டு வயது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கொலையும் ரத்தமும் கேட்ட அவளுடைய வாய் அதற்கு மேல் திறக்கவில்லை.

மைனி மடியிலிருந்த இலைச் சுளகைக் கீழே வைத்தாள். "என்ட்ட சொல்லிருக்கலாம்லா" என்று பொன்மாரி அக்காவைக் கேட்டாள்.

"என்னன்னுக்கா சொல்ல. வந்து மூணு மாசம் ஆவுது. நாந்தான் சிரிச்சிருப்பேன்னு சொல்லுவிய."

மைனி மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தான் பேசியது அவளுக்கு நினைவு வந்திருக்கும். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பொன்மாரி அக்கா என்னைப் பார்த்தாள். "ஒனக்கும் தெரியும்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் தலையை ஆட்டினேன்.

"எம்புட்டு நாளா?"

"தை மாசத்துலருந்து."

"அப்பம் நீ வாசிச்சுட்டு இருந்ததெல்லாம்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. திரும்பி நூலை எடுத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உதடு அசைந்தது. குரல் வந்ததா இல்லையா, தெரியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மருந்து தடவிய விரல்களை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "கார்டப் பறிச்சிருவான்ட்டி" என்று மட்டும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். கடைக்குப் போன முதல் நாளிலிருந்தே ஊக்கு சரியாகக் குத்தியிருக்கிறாயா என்று வாசல் வரைக்கும் வந்து பார்த்துத்தான் அனுப்புவாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐந்து பேரும் போனோம். ஆவுடை அக்கா எல்லாருக்கும் பை எடுத்துவரச் சொல்லியிருந்தாள். என்னுடையது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன துணிப்பை. வழியில் யாரோ, இவ்வளவு பேரும் போகிறீர்களே, கல்யாண வீட்டுக்கா என்று கேட்டதற்குச் சித்தி, ஆமாம், மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பொன்மாரி அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். என்னோடு பேசவில்லை.

செக்கர் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், இத்தனை பேர் எதற்கு, ஒருத்தி கொண்டுவந்தால் போதாதா என்றார். கட்டுகளை வாங்கித் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். எங்கள் கைகளில் இருந்த பைகளை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு கழிக்கத் தொடங்கினார். தளர்ச்சி என்றார், நுனி மடிப்புச் சரியில்லை என்றார், தூள் போதாது என்றார். எடுத்தெடுத்துக் கீழே வீசினார். ஆவுடை அக்காவின் கட்டு பாதி தரையில் கிடந்தது. அவள் சுற்றும் பீடியில் இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட யாரும் கழித்ததில்லை.

ஆவுடை அக்கா குனிந்து ஒரு பீடியை எடுத்தாள். பலகையில் கிடந்த அவருடைய தீப்பெட்டியையே எடுத்து உரசினாள். பீடியைப் பற்ற வைத்து இழுத்தாள்.

கடை வாசலில் நின்றிருந்த வேறு தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொழுதெல்லாம் பீடி சுற்றுகிறவர்கள்தான் நாங்கள், ஆனால் எங்களில் ஒருத்தி அதை வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அக்காவுக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமி முடித்து, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"இழுத்துப் பாத்துட்டேன் அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு. நீங்க இழுத்துப் பாக்கியளா?"

வேலம்மா சித்திதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த வேறு தெருப் பெண்கள். செக்கர் சிரிக்கவில்லை. கழிப்பதை நிறுத்திவிட்டு மீதிக் கட்டுகளை எண்ணாமலேயே உள்ளே தள்ளினார். கீழே கிடந்தவற்றைத் திரும்ப எடுக்கவில்லை. அது எங்களுக்கு நஷ்டம்தான்.

பிறகு, இலை வாங்க ஒவ்வொருத்தியாக உள்ளே வரச் சொன்னார். தராசை வெளியே எடுத்து வையுங்கள், எல்லாரும் இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்றாள் மைனி. இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டார். யாருடைய கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். சொல்லும்போது பொன்மாரி அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அங்கே கிடந்த இலைத் துண்டுகளை அவள் எண்ணத் தொடங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நான் அவளைத் தாண்டி முன்னால் போனேன். கையில் புத்தகம் இல்லை. படிக்க எதுவும் இல்லை.

"அண்ணாச்சி, மொதல்ல பையை நிறுங்க" என்றேன்.

அவர் காதில் விழாததுபோல வேறு பக்கம் பார்த்தார். அவ்வளவு சின்னக் குரல். உண்மையிலேயே விழாமலும் இருந்திருக்கலாம். கிராம்பு வாடை அடித்தது. நான் மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பையை நிறுங்க. எவ்வளவு எடைன்னு பாத்துட்டு, அதைக் கழிச்சிட்டு இலையப் போடுங்க. முந்தில வாங்க மாட்டேன். இவளும் வாங்க மாட்டா."

மைனி உள்ளே போய்த் தராசை இழுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் வைத்தாள். முள் வைத்த இரும்புத் தராசு. வெள்ளிக்கிழமை என்ன நடக்குமோ தெரியாது. கார்டைப் பறித்தாலும் பறிப்பார். அம்மா அதைச் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் அப்போது வாசலில் பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள், எல்லோரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் வெறும் பையை இரண்டு விரலால் பிடித்துத் தட்டில் போட்டார்.

முள் இருந்த இடத்திலேயே இருந்தது.